பல்விந்தர் சண்முகம் விற்கப்பட்டது குறித்து

ஆனைக்குட்டம்,
27.8.2006

மதிப்பிற்குரிய திரு. செய்யது அபுதாஹிர் அவர்களுக்கு,

பொருள்: பல்விந்தர் சண்முகம் விற்கப்பட்டது குறித்து.

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியார் குல்சார் பேகம் அவர்களும் சார்ஜாவில் மகன் வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது.

நேற்று, என் மனைவியின் உறவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகப் பட்டாசு ஆலையில் அரைநாள் விடுப்புப் பெற்று விருதுநகர் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் காளீஸ்வரனின் பிரவுசிங் சென்டரில் நுழைந்தேன். "வாங்க சார், ஒத்தையில வந்திருக்கீக? பாய் இன்னும் துபாய்லதானா?" என்று கேட்டார். சார்ஜா என்று திருத்திவிட்டு, நாம் வழக்கமாக உட்காரும் மூலைக் கணினியில் அமர்ந்து நம் அணியின் பக்கத்தைத் திறந்தேன். ஆட்டக்காரர்கள் பட்டியலில் பல்விந்தர் சண்முகம் இல்லை. பட்டியல் முழுவதும் திறக்கவில்லை போலும் என்று கருதி மறுபடி திறந்தேன். அதன் பிறகுதான் விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்று நாட்களுக்கு முன் டென்மார்க் நாட்டு அணி ஒன்றுக்கு அவனைத் தாங்கள் விற்றிருக்கிறீர்கள்.

தாங்கள் மறந்திருக்கக்கூடும் என்பதால் சில செய்திகளை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். தங்கள் மகன் சுஃபியான் 2003இல் விடுமுறையில் வந்தபோது இந்த இணைய கிரிக்கெட் ஆட்டத்தை நமக்குக் காட்டினான். அணி நம்முடையது; ஆடுவது கணினி. வாரம் ஒரே ஒரு பந்தயம், சனிக்கிழமைதோறும். நாம் செய்யக்கூடியது யாருக்கு என்ன பயிற்சி, யார் முதலில் பந்து வீசுவது என்று தீர்மானித்துவிட்டு ஏழு நாள் காத்திருப்பது. காளீஸ்வரனுக்கு இது விளங்கவே இல்லை. "வாரத்துக்கு ஒருக்க வந்து என்னத்தையோ ஒண்ண அமுக்கிட்டுப் போறீக, இதுக்கா சார் ஒரு மணி நேரம்?" என்பார். அணிக்குச் சூலக்கரை கிரிக்கெட் கழகம் என்று பெயரிடுவதாகப் பேசி முடித்திருந்தோம். நான் தேநீர் வாங்கப் போன இடைவெளியில் 'பொரிச்ச பரோட்டா லெவன்' என்று தாங்கள் பதிவு செய்துவிட்டீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பல்விந்தர் சண்முகம் பதினேழு வயதில் நம்மிடம் வந்தான். எந்த வடநாட்டுப் பெயரோடு எந்தத் தென்னாட்டுப் பெயரைச் சேர்ப்பது என்ற விவஸ்தை அந்தக் கணினிக்கு இல்லை என்று அன்று இருவரும் சிரித்தோம். இடக்கைச் சுழற்பந்து. தரம்: 'தேறாதவன்'. வாரம் ஒரு மயிரிழை அளவு ஏறினான். 'சுமார்' ஆக ஒரு கோடைக்காலம் ஆயிற்று. 'நன்று' ஆனபோது தாங்கள் காளீஸ்வரனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தீர்கள். 'அபாரம்' ஆனது இந்தப் பங்குனியில். தாங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம்.

ஜூன் மாதம் தொலைபேசியில் நான் தங்களிடம் சொன்ன வாக்கியம் இது: "சீசன் முடியட்டும், அதுக்கப்புறம் பல்விந்தர வித்துக்கிடலாம்." சீசன் முடியவில்லை. பல்விந்தர் இல்லை.

ஆகவே நேற்று அந்த இடத்திலேயே கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். தாங்கள் இனி நம் அணிக்குள் நுழைய இயலாது. நானும் நுழையப் போவதில்லை. ஏழு வாரம் எவரும் திறக்காத அணி நீக்கப்படும் என்பது ஆட்டத்தின் விதி. அக்டோபர் பதினான்காம் தேதியுடன் பொரிச்ச பரோட்டா லெவன் இல்லாமல் போகும். இழப்பு இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தாங்கள் சிரிப்பீர்கள், முப்பத்துமூன்று ஆண்டுப் பழக்கத்தால் நானும் சிரித்துவிடுவேன். அதற்கு நான் இடம்கொடுப்பதாக இல்லை.

இங்ஙனம்,
ச. புகழேந்தி, எம்.எஸ்ஸி.

௦

786

சார்ஜா,
6.9.2006

ஏலே புகழு,

உன் கடிதம் வந்தது. உறையைப் பார்த்து எல்.ஐ.சி.யில் இருந்து ஏதோ நோட்டீஸ் என்று நினைத்து இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்த பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை.

கல்லூரியில் முதல் நாள் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து "தள்ளி உக்காருலே" என்றவன் நீ. அவனிடமிருந்து 'தாங்கள்'. இதற்கு நாலு கெட்ட வார்த்தை எழுதியிருக்கலாம். குல்சார் வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணன் இம்புட்டு மரியாதையா எழுதியிருக்காகளே, நீங்க என்ன பண்ணித் தொலைச்சீக?" என்று கேட்டாள். சுஃபியான் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தா, கம்ப்யூட்டர்ல இருக்குற ஒரு பேருக்கா ரிஜிஸ்டர் தபாலு?" நான் சிரிக்கவில்லை. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ சொன்ன வாக்கியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சீசன் முடியட்டும் என்றாய். பதினாறு வாரச் சீசன் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி முடிந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்று நாலாம் இடம். அதற்கப்புறமும் ஒரு வாரம் பொறுத்து, புதுச் சீசன் தொடங்கி எல்லா அணிக்காரனும் ஆள் தேடும் நேரம் பார்த்துத்தான் பல்விந்தரை ஏலத்தில் வைத்தேன். வியாபாரம் எனக்கும் தெரியும்லே. முப்பது வருடம் மிளகாய் வத்தல் கமிஷன் கடை நடத்தினவன். எந்த மாதம் இறக்கினால் வத்தலுக்கு விலை நிற்கும் என்று தெரிந்தவனுக்கு எந்த வாரம் இறக்கினால் பல்விந்தருக்கு விலை நிற்கும் என்று தெரியாதா?

ஏலம் மூன்று நாள். முதல் இரண்டு நாள் ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசி நாள் மத்தியானம் டென்மார்க்காரன் ஒருத்தன் கேட்டான். அப்புறம் ஆஸ்திரேலியாக்காரன். நேரம் முடியப் போகும்போது ஒருத்தன் கூட்டுவான், உடனே கடிகாரம் இன்னும் கொஞ்சம் நீளும், மற்றவன் கூட்டுவான். எனக்குக் கையெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் ஆஸ்திரேலியாக்காரன் நின்றுவிட்டான். "ஏலே, பாத்தியா!" என்று பக்கத்தில் திரும்பினேன். குல்சார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டென்மார்க்காரன் பல் டாக்டராம். செய்தி அனுப்பியிருந்தான். சண்முகம் என்பதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டிருந்தான். பரோட்டா என்றால் என்ன என்றும் கேட்டிருந்தான். அதைப் பொரிப்பார்கள் என்று சொன்னதை அவன் நம்பவில்லை.

இப்போது கடவுச்சொல்லைச் சொல். இந்த வாரம் யாருக்கும் பயிற்சி போடவில்லை. நீயோ ஆலையை விட்டு நகர முடியாதவன். அணி சும்மா கிடக்கிறது. என்ன கோபமோ அதை வைத்துக்கொள், கதவைத் திற.

வீட்டில் சொர்ணலட்சுமியைக் கேட்டதாகச் சொல்.

அபு

௦

ஆனைக்குட்டம்,
17.9.2006

மதிப்பிற்குரிய திரு. செய்யது அபுதாஹிர் அவர்களுக்கு,

தங்கள் 6ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதில் ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே எழுத விரும்புகிறேன்.

சீசன்.

சிவகாசி வட்டாரத்தில் பால் குடிக்கும் குழந்தையைத் தவிர மற்ற எவரிடமும் இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் என்பார்கள். "சீசன்ல கல்யாணம் வைக்காதீக" என்றால் என்ன பொருள்? "சீசன் முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று எங்கள் ஆலையில் வேலுத்தாய் தன் முழங்கால் வலியைத் தள்ளிப்போடுகிறாளே, அவள் எந்தப் பதினாறு வாரத்தைச் சொல்கிறாள்? தாங்கள் விருதுநகரில் பிறந்தவர். இந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் இருபத்தொன்று. ஏப்ரலில் விமானம் ஏறினீர்கள். ஆகஸ்டில் தங்களுக்குச் சீசன் என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. ஐந்து மாதத்தில் ஒரு மனிதனுக்கு ஊர் இவ்வளவு மறக்குமா என்பதை நான் தங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மேலும், நான் 'வித்துக்கிடு' என்று சொல்லவில்லை. 'வித்துக்கிடலாம்' என்றேன். அது ஒருவருக்குச் சொல்லும் சொல் அல்ல. தாங்கள் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். தீபாவளி முடிந்த நாலாம் நாள் பெருநாள். அந்த வாரம் எனக்கு விடுப்பு. காளீஸ்வரன் கடையில் மூலைக் கணினி. மூன்று நாள் ஏலத்தையும் அங்கு உட்கார்ந்து பார்ப்பது என்று இருந்தேன். மார்ச் மாதத்திலிருந்து அப்படி இருந்தேன்.

சென்ற வியாழக்கிழமை இங்கு பிற்பகலில் மேற்கே மேகம் ஏறி இடி கேட்டது. இடி கேட்டால் மருந்து அறைகளில் ஒருவரும் இருக்கக் கூடாது. எல்லாரையும் வெளியேற்றி வேலிக்கு அருகே வெட்டவெளியில் உள்ள தகரக் கொட்டகைக்கு அனுப்பினேன். முதலாளியின் மகன் ஜெயச்சந்திரன், நாற்பது வயதுக்குள் இருப்பவர், வந்து நின்றார்.

"எம்புட்டு நேரம் சார் இப்படியே நிப்பாக? வடக்க போற லோடு இன்னும் ஏறல."

"கடைசி இடிக்கு அப்புறம் அரைமணி போகட்டும்."

"மழையே காணோம்ல."

"மழைக்கு நான் பயப்படலையே."

வேலுத்தாய் கொட்டகைக்குள்ளிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "சின்ன மொதலாளி, நீங்க சும்மா இருங்க. சாரு மானத்தையே பாத்துக்கிட்டு நிக்காக. அங்கன ஏதோ மேச் நடக்குது." பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அரைமணி முடியப் போகும்போதெல்லாம் மறுபடி ஓர் இடி கேட்டது. நான் மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணினேன். ஜெயச்சந்திரன் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று வேலை அத்துடன் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

இதைத் தங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று என் மனைவி பல முறை கேட்டிருக்கிறாள். இங்கு ஒரு தவறு நேர்ந்தால் அதைத் திருத்துவதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. கலவையில் ஒரு மணல் துகள், தரையில் இழுபட்ட ஓர் இரும்பு வாளி, அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் சனிக்கிழமை நான் செய்யும் தவறு அடுத்த சனிக்கிழமைதான் தெரியும். தெரிந்த பிறகும் யாரும் சாவதில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை திருத்திக்கொள்ளலாம். வேறெங்கும் எனக்கு அப்படி ஒரு வாரம் கிடைத்ததில்லை. அந்த வாரங்களை யாருடன் உட்கார்ந்து கழித்தேன் என்பது தங்களுக்குத் தெரியும்.

இப்போது நேராகவே கேட்கிறேன். பெருநாளுக்கு வருவதாக இருந்தவர், நாம் இருவரும் சேர்ந்து விற்க வேண்டியவனை ஆகஸ்டிலேயே அவசரமாக விற்க மாட்டார். சீசன் என்ற சொல் தங்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது என்று கருதுகிறேன்.

தாங்கள் வருகிறீர்களா, இல்லையா?

கடவுச்சொல் குறித்து என் முடிவில் மாற்றமில்லை. அக்டோபர் பதினான்கு.

இங்ஙனம்,
ச. புகழேந்தி

௦

786

சார்ஜா,
27.9.2006

புகழு,

நோன்பு தொடங்கிவிட்டது. பகலில் எழுதினால் எழுத்து கோணலாகிவிடுகிறது, அதற்கும் ஒரு பொருள் வைத்துவிடாதே.

நான் வரவில்லை.

சுஃபியானின் மனைவி தஸ்லிமாவுக்கு அக்டோபர் கடைசியில் குழந்தை பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் தாய் இறந்துவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். குல்சார் இங்கே இருந்தாக வேண்டும். என்னைத் தனியே அனுப்ப அவளுக்கு மனமில்லை. எனக்கும் தனியே வந்து அந்த வீட்டைத் திறந்து விளக்குப் போட மனமில்லை. ஜூலையிலேயே இது தெரியும். தொலைபேசியில் உன் குரலைக் கேட்கும்போதெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். நீ ஒவ்வொரு தடவையும், "பெருநாளுக்கு வாரியில்ல, காளீஸ்வரங்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்" என்பாய். நான் "ஆமாலே" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

ஆனால் ஒன்று. சீசன் விஷயத்தில் நான் நடிக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே அந்தச் சீசன் நினைவுக்கு வரவில்லை புகழு. இங்கே ஆகஸ்டிலும் வெயில், செப்டம்பரிலும் வெயில். கடை இல்லை. லாரி இல்லை. ஜூன் பிறந்தால், "அண்ணாச்சி, சிவகாசி லோடு இருக்கு, ஒங்க சரக்கு ரெண்டு நாள் போகட்டும்" என்று தலைசொறியும் டிரைவர் இல்லை. ஒன்பதாவது மாடியில் வாரம் திரும்புவது எனக்குத் தெரிவது சனிக்கிழமை ஆட்டத்தால்தான். அதனால் சீசன் என்றால் அந்தப் பதினாறு வாரம்தான் என்று மனசு எடுத்துக்கொண்டது. நீ ஊர் மறந்துவிட்டது என்கிறாய். மறந்துதான் இருக்கிறது.

கதவை நீ பூட்டிய பிறகு சனிக்கிழமை மாலையில் நான் சுஃபியானின் கணினியில் வெளியாள் மாதிரி உட்கார்ந்து ஸ்கோர் மட்டும் பார்க்கிறேன். யாரும் பயிற்சி போடாததால் ஆட்கள் அப்படியே நிற்கிறார்கள். இரண்டு ஆட்டம் தோற்றோம். போன வாரம் எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். நாம் இல்லாமலேயே ஜெயித்துவிட்டார்களே என்று ஒரு மாதிரி இருந்தது. டென்மார்க்காரன் அணிக்காகப் பல்விந்தர் ஐந்து விக்கெட் எடுத்தான். அவன் பக்கத்தைத் திறந்து பார். 'பயிற்சி பெற்ற அணி: பொரிச்ச பரோட்டா லெவன்' என்று அடியில் இருக்கிறது. அதை எவனும் அழிக்க முடியாதாம். ஆனால் அணியே போய்விட்டால் அந்த இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும் என்று சுஃபியான் சொல்கிறான்.

கடவுச்சொல் எனக்கு வேண்டாம். கேட்டது தப்பு. நீயே வைத்துக்கொள். பதினான்காம் தேதிக்கு முன்னால் ஒரு தடவை மட்டும் போய்த் திறந்துவிட்டு வா. எனக்காக இல்லை. கோபம் இருந்தால் என் மேல் இருக்கட்டும். அந்தப் பதினைந்து பேர் என்ன செய்தார்கள்?

அபு

௦

ஆனைக்குட்டம்,
8.10.2006

அன்புள்ள அபுதாஹிர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி கிடைத்தது. அன்றே பதில் எழுதத் தொடங்கினேன். அதைக் கிழித்துவிட்டேன், அதில் இருந்தவை உங்களுக்கு வேண்டாம்.

இது சீசனின் உச்சம். எந்தச் சீசன் என்று சொல்ல வேண்டியதில்லை. நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கே இடி தொடங்கிவிட்டது. இரண்டு மணிக்கு மேற்கு முழுவதும் கறுத்துவிட்டது. ஜெயச்சந்திரன் வரவில்லை, தொலைபேசியில் மட்டும் கேட்டார், "இன்னைக்கும் நிப்பாட்டணுமா சார்?" நிறுத்தத்தான் வேண்டும் என்றேன். "சரி, நீங்க சொன்னா சரிதான்" என்றார். அறைகளைப் பூட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினேன். வேன் புறப்படும்போது வேலுத்தாய் தலையை வெளியே நீட்டி, "சார், இன்னைக்கு மேச்சு மழையால ரத்தா?" என்றாள். இல்லை, இனிமேல்தான் என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

விருதுநகர் பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் மழை. காளீஸ்வரன் கடையில் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்.

"சார், கரண்ட் வர ஆறு மணி ஆகும்னு சொல்லுதான். வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வாங்க."

"இருக்கேன்."

"பாய் வந்துட்டாகளா? அவுகளும் வாராகளா இப்ப?"

"இல்ல. அவரு வரல."

காளீஸ்வரன் எப்போதும் இரண்டு நாற்காலி போடுவார் அல்லவா, பழக்கத்தில் இரண்டையும் இழுத்துப் போட்டுவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதை அங்கேயே விடச் சொன்னேன். குடையை அதில் வைத்தேன்.

மின்சாரம் வந்தது. உள்ளே நுழைந்தேன். பூட்டிய நாளில் எப்படி விட்டேனோ அப்படியே இருந்தது. ஆறு வாரம் எவரும் தொடாமல் இருந்தும் ஒன்றும் பாழாகவில்லை. சற்றுப் பின்தங்கியிருந்தது, அவ்வளவே. நான் எதிர்பார்த்ததை விடக் குறைந்த சேதம். இதைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன்.

இளையோர் பட்டியலிலிருந்து ஒருவனை எடுக்கும் வாய்ப்பு நிலுவையில் இருந்தது. எடுத்தேன். பெயர் ஹர்மீத் பேச்சிமுத்து. வயது பதினேழு. வலக்கை வேகப்பந்து. தரம் 'தேறாதவன்'. பல்விந்தரின் நிலைக்கு இவனைக் கொண்டுவர இரண்டரை ஆண்டுகளுக்குக் குறையாது. அப்போது எனக்கு ஐம்பத்தாறு முடிந்திருக்கும். உங்களுக்கும்தான்.

பேச்சிமுத்து என்ற பெயரைப் படித்ததும் பக்கத்தில் திரும்பினேன். குடை இருந்தது.

வராதது பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரணம் சரியானது. தஸ்லிமாவைத் தாயில்லாமல் விட்டுவிட்டு இங்கு வந்து என்னோடு கணினி பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஜூலையில் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். "ஆமாலே" என்று நான்கு முறை சொன்னீர்கள் பாருங்கள், கோபம் அதற்கு. அது இன்னும் இருக்கிறது. குறைந்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடவுச்சொல்லைப் பழையபடியே மாற்றிவிட்டேன். தபால் தாமதமாகும் என்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்; வெள்ளிக்கிழமைக்குள் பேச்சிமுத்துவுக்குப் பயிற்சி போட வேண்டும். சீசன் முடியும்வரை என்னால் வர இயலாது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எவரையும் விற்க வேண்டாம்.

ச. புகழேந்தி

௦

786

சார்ஜா,
18.10.2006

ஏலே புகழு,

'தாங்கள்' இறங்கி 'நீங்கள்' வந்திருக்கிறது. குல்சாரிடம் படித்துக் காட்டினேன். "இன்னும் ஒரு படிதான், அண்ணன் எறங்கிருவாக" என்கிறாள்.

பழைய கடவுச்சொல்லை அடித்தேன், திறந்தது. வேறென்ன எழுத? பேச்சிமுத்துவுக்குப் பயிற்சி போட்டேன். போன சனிக்கிழமை அவனை ஆட்டத்தில் இறக்கினேன். எல்லாரிடமும் அடி வாங்கினான். பந்து போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான் போலிருக்கிறது. இவனை எங்கே போய்ப் பிடித்தாய்? டென்மார்க் பல் டாக்டர் பார்த்துவிட்டு, 'புதுப் பையன் பெயரும் உச்சரிக்க முடியவில்லை, வாழ்த்துகள்' என்று எழுதியிருக்கிறான்.

தஸ்லிமாவுக்கு இன்னும் பத்து நாள் என்கிறார்கள். நேற்று இஃப்தாருக்கு உட்காரும்போது சுஃபியான் ஒரு குட்டி நாற்காலி வாங்கி வந்தான். பிறக்காத பிள்ளைக்கு நாற்காலி எதற்கு என்றால், "அத்தா, நீங்க பதினேழு வயசுல ஆளப் புடிச்சு வருசக்கணக்கா வளக்கலியா?" என்கிறான். வாயாடி. என்னைப் போல.

நீ கோபம் இருக்கிறது என்று எழுதியது எனக்கு நிம்மதி. இல்லை என்று எழுதியிருந்தால்தான் பயந்திருப்பேன்.

இனிமேல் "ஆமாலே" கிடையாது. யோசித்துத்தான் எழுதுகிறேன், குல்சாரிடமும் கேட்டுவிட்டேன், டிக்கெட்டுக்கும் சுஃபியானிடம் சொல்லிவிட்டேன். அடுத்த சீசன் முடிந்ததும் வருகிறேன்.

மூலையில் நாற்காலி இருக்கட்டும்.

அபு

௦

ஆனைக்குட்டம்,
29.10.2006

ஏலே அபு,

தீபாவளி முடிந்தது. பெருநாளும் முடிந்தது. எங்கள் ஆலையில் இந்த ஆண்டு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலுத்தாய் நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், முழங்காலைக் காட்ட.

நேற்று காளீஸ்வரன் கடையில் பேச்சிமுத்து பந்து வீசியதைப் பார்த்தேன். மூன்று ஆட்டத்தில் ஒரு விக்கெட். அதுவும் ரன் அவுட்டாக இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். அவனை உட்கார வைக்காதே. அடி வாங்கட்டும்.

தஸ்லிமாவுக்குப் பிறந்தது என்ன என்று உடனே தெரிவி.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை மூன்று முறை படித்தேன். அடுத்த சீசன் முடிந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய்.

எந்தச் சீசன் என்று எழுது.

புகழு